வெளியே மைனஸ் நாற்பது

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லி வைத்தவன் எங்கள் அமுதவள்ளியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு போயிருப்பான்.

நானும் அவளும் மலேசியாவில், போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் வேலை செய்கிறோம். குடியிருப்பதும் ஒரே அடுக்குமாடியில்தான். அவள் மேலே, நான் கீழே. என்னிடம் கார் கிடையாது. அவள் காரில்தான் வேலைக்குப் போகிறேன், அவள் காரில்தான் வீடு திரும்புகிறேன். அவள் கோபத்தை முன் சீட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறவள் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. எனக்கும் கோபம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போதே வருகிறது.

கேரித் தீவில் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டினவரின் மகள் அவள். தோட்ட வாழ்க்கையைப் பற்றி யாராவது உருகிப் பேசினால், "கொசு இருந்துச்சு, வேற என்ன இருந்துச்சு அங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். ஆபீசில் ஒரு லோரி ஏஜென்ட் அவளை "ஏய்" என்று கூப்பிட்டான். அவன் கொடுத்த பேப்பரை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். "என் பேரு அமுதவள்ளி. அத முழுசா சொல்ற வரைக்கும் உன் கண்டெய்னர் நகராது," என்றாள். முழுசாகச் சொன்னான். இப்போது அவளைப் பார்த்தால் அக்கா என்று எழுந்து நிற்கிறான்.

இந்தக் கோபம் ஒன்றும் சும்மா வளர்ந்ததில்லை. அவள் மகள் லோஷினிக்கு வேர்க்காது.

வேர்க்காது என்றால் நிஜமாகவே வேர்க்காது. வேர்வைச் சுரப்பி இல்லாமல் பிறந்த பிள்ளை. நமக்குச் சட்டை நனைந்தால் சீ என்று சலித்துக்கொள்கிறோம். அந்த வேர்வைதான் நம் உடம்பைக் குளிரவைக்கிறது என்பது எனக்கே அவளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே அவள் உடம்பு காய்ச்சல்போல ஏறும், முகம் செக்கச் செவேல் என்று ஆகும், பிறகு பேச்சு குழறும். ஈரத் துண்டும் தண்ணீர் அடிக்கிற போத்தலும் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். மற்றபடி ஒரு குறையும் இல்லை. வாய் அம்மா மாதிரி. கணக்கு மூளை யார் மாதிரி என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பை மேல் மாடியில், ஓடாத காற்றாடிக்குக் கீழே போட்டார்கள். அமுதவள்ளி தலைமையாசிரியர் அறையில் போய் உட்கார்ந்தாள், வகுப்பைக் கீழே மாற்றும்வரை எழுந்திருக்கவில்லை. இந்த வருஷம் லோஷினிக்கு எஸ்பிஎம், பள்ளிப் படிப்பை முடிக்கிற பரீட்சை.

பள்ளிக்குள் எப்படியோ சமாளித்துவிடுவாள். போகவர வழிதான் ஆபத்து, அதுவும் பள்ளி விடுவது உச்சி வெயிலில். வாடகைக் காரை நம்பினால் ஒருவன் வர மாட்டான், ஒருவன் ஏர்கானைக் குறைத்து வைப்பான். அதுவரை அவள் வெயிலில் நிற்க முடியுமா? அதனால் அமுதவள்ளி தேடித் தேடி ஒரு பழைய கண்டினென்டல் காரை, ஐரோப்பாவில் செய்ததை, வாங்கினாள். பெயின்ட் உரிந்த கார்தான், ஆனால் உட்கார்ந்தால் மூக்கு சில்லிட்டுப்போகும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை, வெளியே எத்தனை டிகிரி என்று காட்டும். முப்பத்து நாலு, முப்பத்து ஆறு என்று லோஷினி அதை வாசித்துவிட்டு, "வெளிய நான் கருவாடு, உள்ள நான் ராணி," என்று சிரிப்பாள்.

அவள் அப்பா திருச்செல்வம் டிரெய்லர் லோரி ஓட்டுகிறவர். ஜொகூருக்கும் பினாங்குக்கும் கண்டெய்னர் இழுத்துக்கொண்டு போனால் வாரக் கடைசியில்தான் வீடு. நல்ல மனுஷன், மகள் என்றால் உயிர். ஆனால் எது நடந்தாலும் அவருக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: கண் பட்டுவிட்டது. லோஷினி கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். கோயிலில் இரண்டு பெண்கள், "இந்தப் பிள்ளையா?" என்று அவளை மேலும் கீழும் பார்த்தார்களாம். மனுஷன் அன்றைக்கே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து, தன் லோரிக்குக் கட்டுகிற மாதிரியே இந்தக் காரின் முன் பம்பரிலும் கட்டிவிட்டார். நூலில் இல்லை, கம்பியில். பிளேயரை வைத்து முறுக்கி முறுக்கிக் கட்டினார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் காய்ந்ததை எடுத்துவிட்டுப் புதுசு கோப்பார், மறுபடியும் முறுக்குவார்.

"ஹைவேல என்னா ஸ்பீடுல போனாலும் விழாது பாரு மலரு," என்று என்னிடம் பெருமை வேறு.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் அந்தச் சின்னத் திரை மைனஸ் நாற்பது என்று காட்டியது. அன்றைக்கே ஏர்கானும் போனது. காற்று வந்தது, குளிர் வரவில்லை.

முதலில் காப்பார் ரோட்டில் ஒரு சீன அங்கிளிடம் கொண்டுபோனோம். கேஸ் குறைந்திருக்கும் என்று கேஸ் ஏற்றினார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று பம்பர் பக்கம் குனிந்தவர், எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். "இனி பாராங் செம்பாயாங். சாயா தாக் மாவ் பெகாங்," என்றார். இது சாமி சாமான், நான் தொட மாட்டேன் என்று அர்த்தம். மரியாதை தெரிந்த மனுஷன் என்று நானும் நினைத்துக்கொண்டேன். குளிர் மட்டும் வரவில்லை.

அடுத்தது நம்ம ஆள் ஒருவன், நெற்றி நிறையத் திருநீறு. பானெட்டைத் திறந்த வேகத்திலேயே கம்ப்ரசர் செத்துவிட்டது என்றான். "பாருங்க ஆன்டி, சுத்தவே மாட்டேங்குது." சுற்றாதது உண்மைதான். ஏன் சுற்றவில்லை என்று யோசிக்க அவனுக்கு மூளை வேண்டுமே! எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதோடு பம்பர் பக்கத்து வேலையை முடித்துக்கொண்டான். செலாயாங்கிலிருந்து வேறு கம்ப்ரசர் வரவழைத்து மாட்டினான்.

"இந்த மைனஸ் நாப்பது என்னன்னு பாத்தியா?" என்று அமுதவள்ளி கேட்டாள்.

"அது மீட்டர் கோளாறு ஆன்டி. பழைய காருல்ல. அதுக்கும் ஏர்கானுக்கும் சம்பந்தமே இல்ல லா."

"குளுரே வரலயே?"

"இப்பத்தான மாட்டியிருக்கு. கொஞ்சம் ஓடணும். ஓட்டிக்கிட்டே இருங்க, ஐஸ் மாதிரி வரும்."

அவன் வாயில் மண் விழ! அந்தப் பேச்சை நம்பி அன்றைக்கு லோஷினியைக் கூட்டிவரப் போனோம்.

கிள்ளான் பாலத்துக்கு முன்னால் ஜேம். எவனோ ஒருவனின் லோரி நடுரோட்டில் பழுதாகி நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஜன்னலைத் திறந்தால் புகையும் அனலும். போத்தல் தண்ணீர் தீர்ந்தது, துண்டு காய்ந்தது. பின் சீட்டில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தால் முகம் மிளகாய்ப்பழம். "லோஷி! லோஷி! அம்மாவப் பாரு!" என்று அமுதவள்ளி கத்துகிறாள், பிள்ளையின் கண் மேலே சொருகுகிறது.

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். ரோட்டோரத்தில் இளநீர் விற்கிறவனின் ஐஸ் பெட்டியைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். அவன் மலாயில் திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தான். பிள்ளையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, தானே ஐஸை அள்ளி அள்ளி என் கையில் கொடுத்தான். கழுத்தில் வைத்தோம், அக்குளில் வைத்தோம். பெயர்கூடக் கேட்கவில்லை, அவன் நன்றாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்தார், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடவுள் புண்ணியம், பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தாள்.

திருச்செல்வம் அண்ணன் லோரியை வழியில் எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்தார். மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். அதுவரை சரி. அழுது முடித்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"போதும். ஸ்கூலு கீலு ஒன்னும் வேணாம். எம்பிள்ள உசிரோட இருந்தா போதும் எனக்கு. வீட்லயே இருக்கட்டும்."

"எஸ்பிஎம் எழுத வேணாமா?" என்றாள் அமுதவள்ளி.

"எழுதலேன்னா செத்துருவாளா? எழுதப் போனாத்தான் செத்துருவா."

"காருதாங்க ரிப்பேரு. பிள்ள ரிப்பேர் இல்ல."

"கண்ணு பட்ட காரு அது. தலய முழுகு. அவள வெளிய அனுப்பாத, அவ்வளவுதான்."

அமுதவள்ளி கையிலிருந்த டம்ளர் சுவரில் போய் அடித்தது. படுத்திருந்த லோஷினி எழுந்து உட்கார்ந்தாள். "என்ன வச்சு ரெண்டு பேரும் சண்ட போடுறீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் போவேன். ஸ்கூலுக்குப் போவேன்," என்றாள். அப்பாவின் காதில் அது விழவே இல்லை. பயந்துபோன மனுஷனுக்குக் காது எங்கே கேட்கும்? கீழே போய்ப் பழைய மாலையை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு பழம் கோத்துக் கட்டினார். மாடியிலிருந்து நான் பார்த்தேன், பிளேயரை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் அமுதவள்ளி என் கதவைத் தட்டினாள். "வாடி. இன்னிக்கு எவனாவது பழைய காருன்னு சொல்லட்டும், நாக்க அறுத்து எடுத்துட்டு வரேன்."

மேரு ரோட்டில் கார் வயரிங் வேலை பார்க்கும் ரபீக்கிடம் போனோம். எதற்கும் சிரிக்கிற ஆள். அந்தச் சிரிப்பே அன்றைக்கு அவளுக்கு ஆகவில்லை. சாவியைத் திருப்பித் திரையைப் பார்த்தவன், "அலாமாக்! அக்கா, வெளிய மைனஸ் நாப்பது. ஐஸ் கொட்டுது. உங்களுக்கு எதுக்கு ஏர்கான்? ஹீட்டர இல்ல கேக்கணும்?" என்றான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழுந்தது என்றே நினைத்தேன்.

"சிரிக்கிறியா? எம்பிள்ள செத்துப் பொழச்சு வந்திருக்கா, நீ பல்லக் காட்டுற! இந்தக் காரும் உன்ன மாதிரிதான்டா என்னப் பாத்துச் சிரிக்குது. வெளிய குளுருதாம், ஏர்கான் வேணாமாம்!" கத்திக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். "இரு. இப்ப நீ என்ன சொன்ன?"

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா, சும்மா விளையாட்டுக்கு…"

"நீ விளையாட்டுக்குச் சொன்ன. இந்தக் காரு நெசமாவே அப்படி நெனச்சுக்கிட்டு இருந்தா?"

ரபீக்கின் சிரிப்பு நின்றது. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். "யா லா அக்கா! இது குளுர் நாட்டுக் காரு. வெளிய ரொம்பக் குளுருன்னு தெரிஞ்சா கம்ப்ரசர சுத்த விடாது. கெட்டுப்போயிரும்னு தானே நிறுத்தி வச்சிரும். உங்க பழைய கம்ப்ரசரே நல்லாத்தான் இருந்திருக்கும். வெளிய வெயிலுன்னு இதுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

பார்த்தீர்களா அநியாயத்தை! கிள்ளான் வெயிலில், தார் இளகுகிற ரோட்டில், பின் சீட்டில் ஒரு பிள்ளை வெந்துகொண்டிருக்க, இந்த முட்டாள் கார் தான் பனியில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ணுக்கு எதிரே எழுதியும் காட்டியிருக்கிறது. சம்பந்தமே இல்லை என்றானே ஒருவன், அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து அந்தத் திரைமேல் முகத்தை வைத்துத் தேய்க்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

வெளிச் சூட்டைப் பார்த்துச் சொல்கிற சென்சர் முன் பம்பருக்கு உள்ளே, காற்று படுகிற இடத்தில் இருக்குமாம். ரபீக் டார்ச்சோடு மண்டி போட்டான். உடனே எழுந்துவிட்டான்.

"என்னடா?"

"எலுமிச்சம்பழம்க்கா. அதுக்கு நேர் பின்னாலதான் சென்சர் இருக்கு. உங்க சாமி சமாச்சாரம், நான் எப்படிக் கை வைக்கிறது? அண்ணன வரச் சொல்லி எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சீன அங்கிள் தொட மாட்டேன் என்றார். நம்ம ஆள் தொட்டுக் கும்பிட்டான். இவன் எழுந்துவிட்டான். ஊரே மரியாதை கொடுத்து ஒதுங்கின இடத்தில்தான் கோளாறு சுகமாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

அமுதவள்ளி அவன் கையிலிருந்த கட்டரைப் பிடுங்கினாள். "சாமி என்னக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்," என்று தரையில் உட்கார்ந்து கம்பியை வெட்டினாள். லேசில் வரவில்லை. ஒரு இழுப்பு இழுத்ததும் மாலை வந்தது, அதோடு ஒரு சின்ன வயரும் வந்தது. வயரின் நுனியில் பட்டாணி அளவில் ஒரு கறுப்புக் குமிழ். அதுதான் சென்சர். கம்பியைக் கட்ட வலுவான இடம் தேடின மனுஷன், உள்ளே கையில் அகப்பட்ட இந்த வயரையும் சேர்த்து முறுக்கியிருக்கிறார். முறுக்க முறுக்க அது நைந்து அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு இறங்கி, செம்பெல்லாம் பச்சையாகக் களிம்பு. பிள்ளையைக் காக்கக் கட்டினது பிள்ளையைக் கொல்லப் பார்த்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதேதான்.

ரபீக் மீட்டரை வைத்துப் பார்த்தான். சென்சர் உயிரோடுதான் இருக்கிறது, வயர்தான் போய்விட்டது என்றான். களிம்பை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் சேர்த்து ஒட்டினான். சாவியைத் திருப்பியதும் மைனஸ் நாற்பது போய் முப்பத்து ஐந்து வந்தது. என்ஜினுக்குள் டக் என்று ஒரு சத்தம், கம்ப்ரசர் சுற்ற ஆரம்பித்தது. முகத்தில் குளிர் பட்டதும் நான் அழுதுவிட்டேன். அமுதவள்ளி அழவில்லை. மாலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வீடுவரை ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினாள். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

வீட்டுக்குள் போய் அதைத் திருச்செல்வம் அண்ணன் முன்னால் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கம்பியையும் அறுந்த வயரையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. இப்போதாவது தப்புத்தான் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இது கட்டியிருந்ததாலதான் இத்தோட போச்சு," என்றார். "கட்டலேன்னா இன்னும் என்னென்ன ஆயிருக்குமோ."

கேட்டீர்களா கதையை! அந்த மாலையாலேயே அவருக்கு நாலு வைக்கலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

"காரு சரியானாலும் பழசு பழசுதான். நாளைக்கு வேற ஒன்னு புட்டுக்கும். லோஷினி ஸ்கூலுக்குப் போக வேணாம். நான் முடிவு பண்ணிட்டேன்."

அமுதவள்ளி கத்தவில்லை. "சரி," என்றாள். "திங்கக்கிழம ஒரு நாள் மட்டும் போகட்டும். புக்கெல்லாம் அங்க கிடக்கு, எடுத்துட்டு வரணும். மத்தியானம் நீங்களும் வாங்க, கூட்டிட்டு வந்துருவோம்."

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த மனுஷனுக்கு அவள் சரி என்றால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை நானும் லீவு போட்டேன். இதை விட்டுவிட்டுக் கப்பல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு என்ன பைத்தியமா? மத்தியானம் அவர் முன் சீட்டில் ஏறினார், நான் பின்னால் உட்கார்ந்தேன். கார் கேட்டைத் தாண்டியதும் அமுதவள்ளி ஏர்கானை நிறுத்தினாள், ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

பாலத்துக்கு முன்னால் வழக்கமான ஜேம். அனல் உள்ளே வந்தது. திரையில் முப்பத்து ஏழு. எனக்கு முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

"ஏர்கான் சரியாயிருச்சுன்னு சொன்ன?" என்றார் அவர்.

"ஆயிருச்சு."

"அப்பப் போடேன்."

"போட மாட்டேன்."

அவருக்கு முதலில் நெற்றியில் அரும்பியது. பிறகு கழுத்தில் வழிந்தது, பிறகு சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியது. கைக்குட்டையைப் பிழியலாம் போல இருந்தது. பக்கத்து லோரி புகையை நேராக அவர் முகத்தில் விட்டது. கொஞ்ச நேரம் பொறுத்தவர் தாங்காமல் கத்தினார். "என்னா அமுதா, ஆளக் கொல்லப் பாக்குறியா? செத்துருவேன் போல இருக்கு!"

"சாக மாட்டீங்க," என்றாள். ரோட்டை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. "உங்களுக்குத்தான் வேர்க்குதே. எப்படி ஊத்துது பாருங்க. சாமி உங்களுக்குக் குடுத்தது, எனக்குக் குடுத்தது, அவளுக்குக் குடுக்கல. அவளுக்கு இந்தக் காருதான் வேர்வை. அந்த வேர்வையத்தான் கம்பி போட்டு முறுக்கி அறுத்தீங்க. இப்ப ஸ்கூலயும் சேத்து அறுக்கப் போறீங்க."

அவர் கழுத்தைத் துடைத்த கையை விரித்து, அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு ஏர்கானைப் போடச் சொல்லவில்லை.

பள்ளி வாசலுக்கு வந்ததும் அமுதவள்ளி ஜன்னல்களை ஏற்றி, ஏர்கானை முழுசாக வைத்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு லோஷினி வந்து என் பக்கத்தில் ஏறினாள். முன் சீட்டில் அப்பாவைப் பார்த்ததும், "அப்பா! ஏன்ப்பா இப்படி நனைஞ்சிருக்கீங்க?" என்றாள்.

"வேர்வம்மா," என்றார் அவர்.

கார் கொஞ்ச தூரம் போனது. "புக்கெல்லாம் எடுத்துட்டியா?" என்று அமுதவள்ளி கண்ணாடியில் மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"எடுக்கல. எடுக்கவும் மாட்டேன்," என்றாள் லோஷினி.

அவர் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்தாரா, வேர்வையைத் துடைத்தாரா, தெரியவில்லை.

"எடுக்காத," என்றார். "அங்கயே இருக்கட்டும். நாளைக்கு வருவல்ல."